ப்ரீதா அனுப்பிய ரோஜாக்கள்

புதிதாக ஸ்கிராப்புக் என்கிற படம் ஒட்டும் புத்தகம் செய்ய உட்காருகிறவர்கள் எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்வார்களாம். பூ, லேஸ், முத்து, ஜிகினா என்று ஒரே பக்கத்தில் அள்ளி ஒட்டிவிடுவார்களாம். யூடியூபில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். அலங்காரம் நம் கண்ணைப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமாம், படத்தை மறைக்கக் கூடாதாம். நானும் புதியவள்தான், பூங்கொடி மேடம். இந்த வயதில் கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்தவளிடம் குறை சொல்ல எவ்வளவோ இருக்கும்.

என் மகள் ப்ரீதா நேற்று உங்கள் அறைக்கு வந்து அழுதாள் என்று தெரியும். அதனால்தான் ஸ்கிராப்புக்கை எடுத்துக்கொண்டு என்னைத் தனியாக வரச் சொல்லியிருக்கிறீர்கள். கேளுங்கள், சொல்கிறேன். மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை.

என் வீட்டுக்காரர் பாக்கியராஜ் சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வரும் வழியில் பைக்கோடு விழுந்தார். தலையில் அடி. உங்கள் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தார். நானும் பக்கத்து நாற்காலியிலேயே கிடந்தேன். உடம்பு துடைத்துவிட்டது நான், குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றியது நான், ஜெபமாலை உருட்டியது நான். ஒரு நாள் கண்ணைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்து, "சிஸ்டர், ப்ரீதா வந்துட்டாளா?" என்றார்.

என்னை நர்ஸ் என்று நினைத்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு டிபன் பாக்ஸ் கட்டியவளை. மகளோ ஓமனில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். லீவு கிடைக்கவில்லை என்று போனில் அழுதுகொண்டிருந்தாள். அவள் பெயர் அவருக்கு மறக்கவில்லை. அன்றைக்கு எனக்கு வயிறு எரிந்தது, மேடம். பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். பெற்ற பெண் மேல் யாராவது பொறாமைப்படுவார்களா?

ஞாபகம் திரும்ப வழி சொன்னது நீங்கள்தான். வீட்டுப் படங்களை ஒட்டி ஒரு புத்தகம் செய்யுங்கள், காலையும் மாலையும் காட்டுங்கள், இந்த ஆரம்ப மாதங்களில் திரும்பத் திரும்பப் பார்க்கிற முகங்களைத்தான் அவர் பிடித்துக்கொள்வார் என்றீர்கள். உங்கள் பேச்சை என் அளவுக்குக் கவனமாகக் கேட்டவர்கள் இருக்க மாட்டார்கள்.

ப்ரீதாவுக்கு விஷயம் தெரிந்ததும் சந்தோஷம் தாங்கவில்லை. "சும்மா ஒட்டி வெக்காதம்மா, அழகா பண்ணு. நான் எல்லாம் அனுப்புறேன்" என்றாள். ஊருக்கு வந்த தோழியிடம் டப்பா நிறையக் கொடுத்தனுப்பினாள். துணி ரோஜாக்கள், பட்டாம்பூச்சிகள், அரை முத்துகள், தங்க நிற டேப். நம் ஓசூரில் ரோஜாவுக்குப் பஞ்சமா? ஆனாலும் அவள் அனுப்பியதுதான் எனக்குப் பிடித்திருந்தது. வாடாது அல்லவா.

பசை வாங்க பஸ் ஸ்டாண்டு பக்கம் லால் பாஷாவின் ஃபேன்சி ஸ்டோருக்குப் போனேன். தங்கமான மனிதர். "அக்கா, இது ரொம்ப ஸ்ட்ராங்கு. பேப்பர்ல போடுங்க, போட்டோ மேல மட்டும் போட்டுறாதீங்க. அப்புறம் பூவப் பிச்சா மூஞ்சியும் சேந்து வந்துரும்" என்றார். அதையே கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டேன்.

முதல் பக்கத்தில் எங்கள் கல்யாணப் படம். அதற்கு ஒரு அலங்காரமும் செய்யவில்லை. அடுத்தது ப்ரீதாவின் ஞானஸ்நானம். அந்தப் படத்தில் அவர் குழந்தையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் பட்டுப்புடவையில் நான் நிற்கிறேன். அந்தப் புடவையில் நான் நன்றாகத்தான் இருந்தேன். துணி ரோஜாவை வைத்துப் பார்த்தேன். குழந்தை முகத்தின் அளவுக்குச் சரியாக இருந்தது.

சர்ச்சில் முதல் முறையாக அப்பம் வாங்கிப் புது நன்மை எடுத்த படத்தில் ஒரு பட்டாம்பூச்சி. நர்சிங் படிப்பு முடித்துத் தொப்பியோடு நின்ற படத்தில் தங்க டேப். ஒகேனக்கல் பரிசலில் அப்பா மடியில் அவள் உட்கார்ந்திருந்தாள். அந்த இடத்தில் முத்துகளை நெருக்கமாக அடுக்கினேன். அதற்குள் கை பழகிவிட்டது.

அவரை வீட்டுக்குக் கூட்டி வருவதற்கு முன்பே சுவரில் மாட்டியிருந்த படங்களைக் கழற்றிப் பீரோவில் வைத்தேன். வீடியோ காலில் அப்பாவைக் காட்டு என்று ப்ரீதா கேட்டபோதெல்லாம், போன் வெளிச்சம் ஆகாது என்று நீங்கள் சொன்னதாகச் சொன்னேன். நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

தினமும் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினேன். இது யாருங்க? நீ. இது? நான். நன்றாகத் தேறினார், நீங்களே பாராட்டினீர்கள். ஆனால் அந்த ரோஜா வந்தால் மட்டும் நகத்தால் சுரண்டுவார். "இங்க யாரோ இருக்காங்கல்ல?" என்பார். "பூதாங்க" என்பேன். மறுபடியும் சுரண்டுவார். சில நாள் நகக்கண்ணில் ரத்தம் வரும், மருந்து போட்டுவிடுவேன். கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பழக்கம் போனது. போன அன்றைக்கு நான் பாயசம் வைத்தேன்.

போன வாரம் ப்ரீதா வந்தாள். பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு "அப்பா" என்று ஓடி வந்து கையைப் பிடித்தாள். கரண்டு கணக்கெடுக்க வந்தவளைப் பார்ப்பதுபோல அவர் பார்த்தார். "யாரு பாப்பா வேணும்?" என்றார். அப்பா கேலி பண்ணுகிறார் என்று அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அவசரமாகப் புத்தகத்தை எடுத்து, "இங்க பாருங்கப்பா, நாந்தான்" என்று பக்கம் பக்கமாகப் புரட்டினாள். அவள் அனுப்பிய பூக்கள், அவள் அனுப்பிய முத்துகள். புரட்டிக்கொண்டே வந்தவள் திரும்ப ஞானஸ்நானப் பக்கத்துக்கே போனாள்.

ரோஜாவின் ஓரத்தை நகத்தால் நெம்பினாள். நர்ஸ் அல்லவா, காயத்துப் பிளாஸ்டரை எடுக்கிற பக்குவத்தோடுதான் எடுத்தாள். லால் பாஷா சொன்னது சரி. பூவோடு முகமும் வந்துவிட்டது, கீழே வெறும் வெள்ளைக் காகிதம். அவள் அடுத்த பக்கத்துக்குப் போனாள். அதற்கும் அடுத்த பக்கத்துக்கும். கடைசியில் என்னைப் பார்த்து, "ஏம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

"புதுசா பண்றேன்ல கண்ணு, பசை கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு" என்றேன்.

அப்போது அவர், "ப்ரீதா" என்று கூப்பிட்டார்.

அவள் முகம் எப்படி மலர்ந்தது என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "அப்பா!" என்று திரும்பினாள். அவர் அவளைத் தாண்டி, சமையலறை வாசலில் நின்ற என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ப்ரீதா, வந்த பொண்ணு அழுவுது பாரு. ஒரு காபி போட்டுக் குடு" என்றார்.

கொஞ்ச நாளாகவே அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார். முகத்தையெல்லாம் மூட முடிந்தது, அந்தப் பெயரை மட்டும் எதைக் கொண்டும் மூட முடியவில்லை. வீட்டில் மிச்சம் இருந்த ஒரே முகத்தோடு அது ஒட்டிக்கொண்டது. அருள்மேரி, அருள்மேரி என்று என் பெயரை ஆரம்பத்தில் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். அப்புறம் விட்டுவிட்டேன்.

ஆமாம், தெரிந்துதான் செய்தேன். வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். ப்ரீதா ஓமனுக்கே திரும்பிப் போகிறாளாம், இனி வந்து என்ன ஆகப்போகிறது என்கிறாள். அவள் இஷ்டம். நான் கிளம்புகிறேன், மேடம். கொஞ்ச நேரம் கண்ணில் படாவிட்டாலும் அவர் ப்ரீதா, ப்ரீதா என்று வீடு முழுக்கத் தேடுவார். பாவம், என்னை விட்டு அவரால் இருக்க முடியவில்லை.