கட்டத்துக்குள் பூங்கோதை

என் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும், ஐயா. வாக்குமூலத்தை நானே எழுதித் தந்துவிட்டால் உங்கள் ஸ்டேஷன் ரைட்டருக்கு வேலை மிச்சம்.

எழுபத்தொன்பதில் ஒடுகத்தூர்க்காரனான என்னை, குமாஸ்தா தேவராஜை, மலையில் குடும்பப் பதிவேடு எழுத அனுப்பினார்கள். அங்கேயே ஒரு வீடெடுத்துத் தங்கினேன். ஒரு வீட்டுக்கு ஒரு வரிசை. வரிசையின் கடைசிக் கட்டத்துக்குள் குட்டியாக இன்னோர் அட்டவணை: அந்த வீட்டு ஆட்களின் பெயர், வயது, உறவு. அந்த யோசனை என்னுடையது. ஒரு பெயர் ஒரு வீட்டுக் கட்டத்தில்தான் வரலாம். ரேஷன் அரிசியிலிருந்து நிலச் சீட்டுவரை எல்லாம் அதைப் பார்த்துத்தான்.

ஏழாம் வீட்டில் பூங்கோதை தனியாக இருந்தாள். கட்டிக்கொள்கிறேன் என்றேன். சிரித்தாள்.

"போய் உங்க நோட்டையே கட்டிக்குங்க."

எனக்கு வலித்தது. மறைப்பானேன்.

கணக்கெடுத்த அன்று அவள் சாமைக் காவலுக்கு வயல் குடிசையில் இருந்தாள். அறுப்பு முடியும்வரை மலையில் எல்லோரும் அப்படித்தான். வீடு பூட்டியிருந்தது. ஆளில்லா வீடு என்று ஏழாம் வரிசையை அடித்தேன். என் வீட்டுக் கட்டத்துக்குள் அவள் பெயரை எழுதினேன். உறவு: மனைவி. பதிவேட்டில் இல்லாத வீடு நிற்பது தப்பல்லவா? ஆள் வைத்துக் கூரையையும் பிரித்தேன்.

அவள் மலையிறங்கிப் போய் அதிகாரியிடம் அழுதாள்.

"நான் அந்தக் குமாஸ்தா பொண்டாட்டி இல்லீங்க. என் வூடு இன்னா ஆச்சுன்னு கேளுங்க."

அவர் பதிவேட்டைப் புரட்டினார்.

"நீ அவரு வூட்லதானம்மா இருக்க. சண்டை போடாம போய் இரு."

பியூனோடு அனுப்பிவைத்தார். ஊரில் சிங்காரம் ஒருவர்தான் அவளுக்காகப் பேசினார். அவர் பெயர் எந்தக் கட்டத்திலும் இல்லாமல் போனது. இரண்டு மாதம் அரிசி கிடைக்காததும் அவரும் அடங்கிவிட்டார்.

இரண்டு முறை ஓடினாள். இரண்டு முறையும் பதிவேட்டைப் பார்த்து என்னிடமே கொண்டுவந்து விட்டார்கள். மூன்றாம் முறை கிளம்பியபோது கதவை வெளியே பூட்டிவிட்டு, ஆபீஸ் வேலையாகக் கலசப்பாக்கம் போனேன். என் வீடு ஊரைத் தாண்டி, சாமை வயல்களுக்கு அப்பால். கூப்பிட்டால் யாருக்கும் கேட்காது. திரும்ப எட்டு நாள் ஆயிற்று.

குடத்தில் தண்ணீர் இருந்ததா என்று நேற்றுக் கேட்டீர்கள். கவனிக்கவில்லை என்றேன். அது பொய். பூட்டுவதற்கு முன் குனிந்து பார்த்தேன். காலியாக இருந்தது.

பதிவேடு உங்கள் மேசையில்தான் இருக்கிறது. பாருங்கள், அவள் பெயரை நான் அடிக்கவே இல்லை. கட்டினவளை வீட்டைவிட்டுத் துரத்துகிற ஆள் இல்லை நான், ஐயா.