தானாக அணையும் சோபா

சோபா என்றால் உட்கார்ந்ததும் ஒரு கொட்டாவி வர வேண்டும், ஐயா. மாமனாரின் ஃபோம் தொழிற்சாலையில் பதினோரு வருடம் தீச்சோதனை அறையைப் பார்த்துக்கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஃபோம் சீக்கிரம் பற்றிக்கொள்ளும் சாமான். எங்கள் கெமிஸ்ட் அம்மா அதில் ஒரு தீத்தடுப்புப் பொடியைக் கலந்தார். நெருப்பைக் காட்டினால் மேலே கரி படிந்து அடங்கிவிடும். கெட்டிக்காரர்தான். ஆனால் பொடி ஏற ஏற ஃபோம் செங்கல்லாகிவிட்டது. மாமனார் அதில் உட்கார்ந்து பார்த்தார். பின்பக்கத்தைத் தடவிக்கொண்டே எழுந்து, "இதுக்கு நெருப்புலயே உக்காந்துடலாம்" என்றார்.

மெத்தென்று செய்ய கெமிஸ்ட் அம்மா ஆறு மாதம் கேட்டார். மாமனாரோ தீப்பிடிக்காத சோபாவின் அறிமுக விழாவுக்கு அழைப்பிதழே அடித்துவிட்டார். குடும்பம் என்றால் யாராவது விட்டுக்கொடுக்கத்தானே வேண்டும்? நான் பொடியை விட்டுக்கொடுத்தேன்.

பொடியில்லாத துண்டை முறைப்படி கொளுத்திப் பார்த்தேன். எரிந்தது. தட்டில் எதுவும் மிச்சமில்லாதபோது அணைந்தது. நான் ஊதவில்லை, தண்ணீர் தெளிக்கவில்லை. அறிக்கையில் 'தானாக அணையும்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். இதில் எந்த எழுத்து பொய் என்று நீங்களே காட்டுங்கள்.

விழாவில் மாமனார் ஒன்றரை மணி நேரம் விஞ்ஞானம் பேசினார். பேசி முடித்ததும் புதுக் கோட்டோடு அந்தச் சோபாவிலேயே சாய்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டார். இது நிகழ்ச்சி நிரலில் இல்லை.

கெமிஸ்ட் அம்மா என் காதருகே வந்து, "அதுல பொடி இருக்குல்ல, சார்?" என்றார். இருக்கும் என்றேன்.

அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். வாயெடுத்தேன், ஐயா. ஆனால் கல்யாணமான நாள் முதல் என்னை "ஏம்பா" என்று மட்டுமே கூப்பிட்ட மனிதர், இருநூறு பேர் முன்னால் தீப்பெட்டியை நீட்டினார்.

"மாப்பிள்ளை, நீங்களே பத்த வைங்க."

நீங்க. முன்வரிசையில் என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த நேரத்தில் போய்ப் பொடியைப் பற்றிப் பேசினால் நன்றாகவா இருக்கும்?

தெரிந்தேதான் பற்ற வைத்தேன். அவர் எழுந்து ஓடி, வாசலில் இருந்த மீன்தொட்டிக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். அந்த வயதில் அந்த வேகம் எனக்கே பெருமையாக இருந்தது. கால்சட்டையின் பின்பாதியும் மண்டபத்தின் முன்பாதியும்தான் போயின.

நேற்றுகூட ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். குப்புறப் படுத்திருந்தார். என் குரலைக் கேட்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தனியாக இருக்கும்போது மாப்பிள்ளை என்று கூப்பிட இன்னும் கொஞ்சம் கூச்சம், அவ்வளவுதான்.