பழைய டிஸ்க் ஜெயிக்கும் மேசை

டிரைவர்: மறுபடியும் பழசுதான் ஜெயிச்சிருக்கா?

டெய்லர்: சிரிக்காதீங்க. இந்தக் கம்ப்யூட்டர்ல புது சாட்டா டிஸ்க் படிக்கிறது நொடிக்கு அறுபது எம்.பி. அதைவிடப் பழைய ஐ.டி.ஈ டிஸ்க்... முந்நூறு. எங்கயோ தப்பு பண்றேன்.

டிரைவர்: இந்தப் பட்டை ஒயர்ல முந்நூறா? நூத்தி முப்பத்திமூணைத் தாண்டவே தாண்டாதுன்னு சார் போர்டுல எழுதிப் போட்டிருக்காரே. என் டெலிவரி வேன் ரயிலை முந்தின மாதிரி இருக்கு.

டெய்லர்: உங்க வேன் சைக்கிளையே முந்தாது. நேத்து கிளாஸ் பாதி முடிஞ்சப்புறம்தானே வந்தீங்க.

டிரைவர்: அது வந்து, ஒரு பார்சல்... சரி விடுங்க. சார் எங்க இருக்காரு?

டெய்லர்: ஜன்னலோரம், மருந்துக்கடை அண்ணன்கிட்ட. அவரு ஃபிளாப்பியை ஓட்டிக் காட்டிட்டிருக்காரு.

டிரைவர்: ஃபிளாப்பியா? அப்போ நம்ம மேசைக்கு நாளைக்குத்தான் வருவாரு.

டெய்லர்: உங்களுக்கு எல்லாம் விளையாட்டு. இன்னிக்கு வேகத்தைச் சரியா காட்டலேன்னா ரெண்டு பேரும் ஃபெயில். அடுத்த பேட்ச்ல முதல்லேருந்து உட்காரணும்.

டிரைவர்: காட்டிட்டா?

டெய்லர்: நான் காலையில நெட்வொர்க் கிளாஸுக்குப் போயிடுவேன். நீங்க சனிக்கிழமை பிரிண்டர் கிளாஸ்.

டிரைவர்: ம்... ஆளுக்கொரு பக்கம்.

டெய்லர்: ஆமா... ஆளுக்கொரு பக்கம்தான்.

டிரைவர்: சரி, எப்படி அளந்தீங்க, முதல்லேருந்து சொல்லுங்க.

டெய்லர்: மூணு டிஸ்க்லயும் ஒரே வீடியோ. சாட்டாவை நேரா அளந்தேன். ஐ.டி.ஈ வயசானது, திடீர்னு மக்கர் பண்ணிடுமோன்னு பயம். அதனால ஒரு தடவை வெள்ளோட்டம் விட்டுட்டு, ரெண்டாவது தடவைதான் அளந்தேன்.

டிரைவர்: வெள்ளோட்டமா...

டெய்லர்: நல்ல துணியில எடுத்ததும் கத்தரி வைப்பேனா? பழைய துணியில ஒரு தடவை வெட்டிப் பார்த்துக்க மாட்டேனா? அதே மாதிரிதான். மூணாவது டிஸ்க், அந்தப் பழைய யூ.எஸ்.பி பெட்டிக்கும் அப்படியே பண்ணேன்.

டிரைவர்: அதுவுமா ஜெயிச்சிடுச்சு?

டெய்லர்: நொடிக்கு ஒரு எம்.பி இழுக்கவே மூச்சு வாங்குற கிழவன். அதுவும் சாட்டாவை முந்திட்டான்.

டிரைவர்: வெள்ளோட்டத்துக்கு ரொம்ப நேரமாச்சோ?

டெய்லர்: கூடவே இருந்துட்டு என்னைக் கேக்குறீங்க? அப்போதானே டீ குடிக்கப் போனோம். உங்க சித்தப்பா மாடியிலேருந்து குதிச்ச கதையை முழுசா சொல்லி முடிச்சீங்க.

டிரைவர்: குதிக்கல, தவறி விழுந்தாரு. அளந்தப்போ?

டெய்லர்: நான் நாற்காலியில உட்கார்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு.

டிரைவர்: ஓ...

டெய்லர்: என்ன 'ஓ'? தெரிஞ்சா சொல்லுங்களேன்.

டிரைவர்: எனக்கென்ன தெரியும்? ஒயரா இருக்கும். மாத்திப் பார்ப்போமா?

டெய்லர்: போன வாரம் முழுக்க அதைத்தான் மாத்தினோம். எதுக்கும் இன்னொரு தடவை மாத்தலாம்... ஐயோ, சார் வர்றாரு.

சார்: என்னம்மா, முடிஞ்சுதா?

டிரைவர்: சார், ஒரு அஞ்சு நிமிஷம்...

சார்: உங்க அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியும்ப்பா. ஓட்டிக் காட்டுங்க.

டெய்லர்: சாட்டா... அறுபது சார். ஐ.டி.ஈ... முந்நூத்திப் பத்து.

சார்: அடேங்கப்பா. பழைய யூ.எஸ்.பி?

டெய்லர்: இருநூத்தி எண்பது.

சார்: அப்போ புதுசா வாங்குறவன் எல்லாம் பைத்தியக்காரன். ஏம்மா, பழசு ரெண்டையும் முன்னாடியே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தியா?

டெய்லர்: பயத்துல சார்...

சார்: ஒரு தடவை படிச்ச ஃபைல் மெமரியில தங்கிடும். மறுபடி கேட்டா கம்ப்யூட்டர் டிஸ்க் பக்கமே போகாது, மெமரியிலேருந்தே எடுத்துக் கொடுத்துடும். நீ அளந்தது மெமரியோட வேகம். ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டரை அணைச்சுப் போட்டுட்டு அளக்கணும்னு தொண்டை கிழியக் கத்தினேனே. நீ ஏன்ப்பா சொல்லல?

டிரைவர்: அன்னிக்கு நான் லேட் சார்.

சார்: என்னிக்குத்தான் நீ சீக்கிரம் வந்திருக்கே? ரெண்டு பேரும் அடுத்த பேட்ச். இதே மேசை, இதே டிஸ்க்.

டெய்லர்: சரி சார்.

டிரைவர்: சரி சார்.

சார்: ஃபெயிலாக்கினா எல்லாரும் கெஞ்சுவாங்க. நீங்க என்னடான்னா தலையை ஆட்டுறீங்க. என்னமோ போங்க.

டிரைவர்: ...போயிட்டாரா?

டெய்லர்: அடுத்த மேசைக்குப் போயிட்டாரு.

டிரைவர்: ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது.

டெய்லர்: சொல்லுங்க.

டிரைவர்: அந்த மெமரி விஷயம்... போன வாரமே எனக்குத் தெரியும்.

டெய்லர்: தெரிஞ்சுமா தினம் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினீங்க?

டிரைவர்: வாய் வரைக்கும் வரும். சொல்லிட்டா வேலை முடிஞ்சிடும், நீங்க காலை கிளாஸுக்குப் போயிடுவீங்க... அதனால முழுங்கிட்டேன். உங்களையும் சேர்த்து ஃபெயிலாக்கிட்டேன். நல்லா திட்டிடுங்க.

டெய்லர்: நான் எப்படிங்க திட்டுறது? நேத்து பாடத்தை மறுபடி படிச்சேன். இன்னிக்கு நீங்க வர்றதுக்கு முன்னாடியே வந்து, ஒவ்வொரு தடவையும் அணைச்சுப் போட்டு மூணையும் அளந்துட்டேன். எல்லாம் சரியா வந்துச்சு... அப்போதான் எனக்கு நிஜமாவே பயம் வந்துச்சு. நீங்க வந்ததும் மறுபடி வெள்ளோட்டம் விட்டேன்.