சட்டியில் மிஞ்சுவது குழம்பு

செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் முன்சீட்டில் ஒரு புருசனும் பெண்சாதியும். ஒட்டுக்கேட்கிறவள் இல்லை நான். அவர்கள்தான் சத்தமாய்ப் பேசினார்கள்.

"சோத்த வுட்டு மீனு, முட்டை துன்னு, ஒடம்பு இளைச்சாத்தான் வயித்துக் கட்டிய அறுப்பேன்னாரு டாக்டரு. தெனம் மீனு வாங்கியாறேன். ஏன்டி இளைக்கல?"

"மீனில்லாம கொழம்பு மட்டும் துன்னா ஆவாதா, மாமா?"

"மீனு எங்க போவுது?"

"உனுக்கு, உங்கம்மாவுக்கு, பசங்களுக்கு. நான் கடைசியிலதான குந்துறேன். சட்டியில கொழம்புதான் கீது. அத்த சோத்துல ஊத்தாம எதுல ஊத்தறது?"

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"இன்னிக்கு நீ மொதல்ல குந்து. நான் போடுறேன்."

"உங்கம்மா எதுர்லயா?"

"ஆமா."

அவள் வயிற்றைத் தடவிக்கொண்டே மெதுவாய்க் கேட்டாள்.

"இன்னிக்கு மட்டுமா, மாமா?"