பூசை போட்ட ஐந்து மெஷின்கள்

மேடையை அலங்கரிக்கும் மேன்மைமிகு விழாத் தலைவர் அவர்களே! நுவரெலியாவிலிருந்து சான்றிதழ்களோடு வந்திருக்கும் அதிகாரிகளே! வயதில் மூத்த பெரியோர்களே! தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! தையல் வகுப்பு முடித்த பன்னிரண்டு செல்வங்களே! வணங்குகிறேன்.

வாழ்த்திப் பேசச் சொன்னார்கள். வாய் வரவில்லையே! மைக்கைப் பிடித்தால் விடமாட்டான் இந்தத் தோட்டத் தலைவன் மூக்கன் என்பீர்கள். இன்று அப்படியில்லை ஐயா. செவ்வாய்க்கிழமை கண்ட காட்சியிலிருந்து நான் இன்னும் மீளவில்லை.

இந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி, ராக்காயியின் மகள் நாகலெட்சுமியை அட்டன் டவுனில் ஒரு தையல் கடைக்கு வேலை கேட்டு அழைத்துப் போனேன். "ஆறு மாசம் படிச்ச புள்ளைங்க!" என்று மார்தட்டினேன். முதலாளி மெஷினைக் காட்டினார். பிள்ளை என்ன செய்தாள்? செருப்பைக் கழற்றினாள். மெஷினைத் தொட்டுக் கும்பிட்டாள். அப்படியே நின்றாள்.

"உக்காந்து மிதிம்மா" என்றார் அவர்.

"மிதிக்கக் கூடாதுங்களே! எங்க தலைவரு சொல்லியிருக்காருங்க."

ஐயோ! யார் அந்தத் தலைவர்? நான்! வகுப்பு தொடங்கிய வாரமே ஆயுத பூசை வர, ஐந்து மெஷின்களுக்கும் சந்தனமும் குங்குமமும் சாத்தியவன் யார்? நான்! பூசை போட்ட பொருளில் கால் படலாமா என்று குழந்தைகளைப் பராமரிக்கும் பிள்ளைக் காம்பராவில் ஓர் அறைக்குள் பூட்டியவன் யார்? நானேதான்! "தலைவர், துறப்பைத் தாங்கோ, பிள்ளையள் பழக வேணும்" என்று தையல் சொல்லித்தர வந்த யாழ்ப்பாணத்து நிரூபா டீச்சர் சாவியை எத்தனை தரம் கேட்டார்! "கையால தைக்கட்டுங்க டீச்சர்" என்றேனே, பாவி!

அங்கே என்ன சிரிப்பு, பெரியோர்களே? கற்பூரம் காட்டியது நீங்கள்தானே? பெயர் பதிந்த வரவு இடாப்பை மட்டும் பார்த்துச் சான்றிதழ் அடித்த அதிகாரிகளே, நீங்களாவது ஒரு நாள் வந்து கதவைத் தட்டினீர்களா?

முதலாளி நல்ல மனிதர். "ஒண்ணாந்தேதி வரட்டும், தைச்சா வேல" என்றார். பதினெட்டு நாள் இருக்கிறது. தவறினால், தையலே தன் பிழைப்பென்று நம்பியவள் மறுநாள் விடியற்காலை பெரட்டுக்குப் போய்க் கொழுந்து பறிக்கப் பேர் கொடுக்க வேண்டும்.

ஆகையால் பொறுத்தருளுங்கள், அந்தச் சான்றிதழ்களை இன்று திருப்பிக் கொண்டு போங்கள்! தைக்காத கைக்குத் தாள் எதற்கு? டீச்சர், இந்தாங்க சாவி. இனி அது உங்களிடமே இருக்கட்டும்.

நாகலெட்சுமி, மேலே வாம்மா. விழாவுக்கென்று வெளியே எடுத்து மேடையோரம் மாலையோடு நிறுத்தியிருக்கிறோமே, அந்த மெஷினில் உட்கார். கும்பிட்டது போதும். பாவமென்றால் அது என் தலையோடு போகட்டும். அழாதே, காலை வை. மிதி, என் தாயே, மிதி!

கேட்கிறதா சத்தம்? இதற்கு மேல் எனக்கென்ன பேச்சு? குளிரில் பொறுத்திருந்த உங்களுக்கு நன்றி. பன்னிரண்டு பிள்ளைகளே, இந்த மூக்கனை மன்னித்துவிடுங்கள். வணக்கம்.