ரிப்பன் கட்டிய வாளி

"ஏம்மா, உனக்குக் கோபமே வராதா?" என்று கெமிக்கல் கடைக்காரர் ஒருமுறை என்னைக் கேட்டார். எனக்குப் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் சரக்குக் கொடுத்து அனுப்பிவிட்டுக் கடைசியாகத்தான் என் பக்கம் திரும்பினார். நான் ஓரமாக நின்று சிரித்து வைத்தேன். அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. காஸ்டிக் சோடாவை எடைக்குக் கொஞ்சம் கூடவே அள்ளிப் போட்டார்.

கோபம் வரும். சத்தமாக வராது, அவ்வளவுதான்.

நான் துணி சோப்புக் காய்ச்சுகிறவள். அதற்கு முன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அப்பாவுக்குப் பிளாஸ்டிக் சாமான் கடை இருந்தது. கூட்டாளிக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். கூட்டாளி காணாமல் போனான். அவன் பின்னாலேயே எங்கள் கடையும் வீடும் போயின. மோட்டார் சைக்கிள் பட்டறைக்குப் பின்னால் இருந்த ஒரே நீள அறைக்குக் குடிவந்தோம். விற்காத நீல வாளிகள் மட்டும் எங்களோடு வந்தன. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை.

வந்த அன்றே அப்பா சுவரைப் பார்த்துப் படுத்தார். அம்மா நாலு வீட்டில் பாத்திரம் கழுவப் போனாள். என்னைப் படிப்பை நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. போ என்றும் யாரும் சொல்லவில்லை. வகுப்பில் கேள்வி கேட்டால் எழுந்து நின்று வாயைத் திறக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிடுகிற பெண் நான். நான் வராமல் போனது அங்கே எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும் என்று தெரியவில்லை.

சோப்புக் காய்ச்சும் முறையை அந்தக் கெமிக்கல் கடைக்காரர்தான் நின்றபடியே சொல்லிக் கொடுத்தார். முதல் முறை கட்டியாகவே இல்லை. அடுத்தது கட்டியாகி என் விரல்களை வெடிக்க வைத்தது. அதற்கடுத்தது விற்றது.

காஸ்டிக்கைத் தண்ணீரில் கரைத்து, சோப்பை ஊற்றி இறுகவைக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் வாளியில் ஆறவைக்க வேண்டும். ஆறிய பிறகு அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. பார்த்தால் தண்ணீர், பட்டால் தோல் வெந்துவிடும். எங்கள் வாளிகளும் ஒரே நிறம். படுத்திருந்த அப்பா அந்தக் காலத்தில் செய்த ஒரே காரியம் இதற்கு ஒரு வழி சொன்னதுதான். கடைத் திறப்பு விழாவில் வெட்டிய சிவப்பு ரிப்பனில் ஒரு துண்டை அவர் பத்திரமாக வைத்திருந்தார். அதை என்னிடம் நீட்டி, "ரிப்பன் கட்டியிருந்தா காரத்தண்ணி. கட்டலைன்னா நல்ல தண்ணி. இத மட்டும் யாரும் மறக்கக் கூடாது," என்றார். யாரும் மறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்கிற அளவுக்கு அந்த ரிப்பன் எங்களுக்குப் பழகிவிட்டது.

அந்த வருடங்களைக் கஷ்ட காலம் என்று அம்மா சொல்லுவாள். இருக்கலாம். காசு வைக்கும் அலமாரியின் சாவி கயிற்றில் கோத்து என் கழுத்தில் தொங்கியது. இன்றைக்கு எண்ணெய் வாங்குவதா, அரிசி வாங்குவதா என்று அம்மா என்னைத்தான் கேட்டாள். நான் மெதுவாகப் பேசினாலும் அந்த அறையில் எல்லோருக்கும் கேட்டது.

ஒருநாள் அப்பா எழுந்து முகச்சவரம் செய்துகொண்டு என் எதிரில் வந்து நின்றார். "மொதலாளியம்மா, கூலிக்கு ஆள் வேணுமா? சாப்பாடு போட்டாப் போதும்."

"இவருக்குச் சாப்பாடு போட்டா கம்பெனி ஒரே வாரத்துல திவால்தான்," என்றாள் அம்மா.

மூவரும் சிரித்தோம். அன்றிலிருந்து வீட்டில் என் பெயர் முதலாளி. அவர்கள் அதை விளையாட்டாகச் சொன்னார்கள்.

அப்பாவுக்கு வாய் உண்டு. சலவைக்கடை, விடுதி என்று ஏறி இறங்கினார். நான் காய்ச்சிய சோப்பு அவர் பேச்சில் ஏறி விற்றது. வெளியே போய்த் திரும்பியதும் வாசல் வாளியில் இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி, திறந்த கண்ணில் அடித்துக் கழுவிக்கொண்டுதான் பேசவே ஆரம்பிப்பார். "சார் பேரைச் சொன்னதும் நாற்காலியே போட்டுட்டாங்கடி," என்பார் அம்மாவிடம். கடன் அடைந்தது. கையில் கொஞ்சம் மிஞ்சவும் செய்தது.

பிறகு அவர்கள் பேசிக்கொள்ளத் தொடங்கினார்கள். பக்கத்து ஊரில் கடை, கடைக்குப் பின்னாலேயே வீடு. எல்லாம் முடிவான பிறகு என்னை நடுவில் உட்கார வைத்துச் சொன்னார்கள்.

"இனிமே நீ இந்த அடுப்பக் கட்டிட்டு அழ வேண்டாம்டி. கம்பெனி சோப்ப வாங்கி வித்தாப் போதும்," என்றாள் அம்மா. "வெரலப் பாரு, கெழவி வெரலாட்டம்."

"மொதலாளிக்கு ரிட்டயர்மென்ட்," என்றார் அப்பா. "பரீட்சைய வெளியிலருந்து எழுதட்டும். படிக்க வேண்டிய வயசு."

"அந்தச் சாவிய அப்பாகிட்ட குடுத்துடும்மா. பாவம், எத்தன நாளா கழுத்துல சுமக்கறே."

சரி என்றேன். சாவியை நாளைக்குத் தருகிறேன் என்றும் சொன்னேன். இருவருக்கும் சந்தோஷம்.

நீங்கள் என் இடத்தில் இருந்து பாருங்கள். ஒரு கையெழுத்தில் குடும்பத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்த மனிதர் மறுபடியும் கடை வைக்கப் போகிறார். மறுபடியும் யாராவது ஒருவன் வந்து தோளில் கை போடுவான். யாரிடமும் முடியாது என்று சொல்ல அவருக்கு வராது. யாராவது தடுத்தாக வேண்டும். தடுக்க வேண்டும் என்று நினைத்த ஒரே ஆள் நான்தான்.

நான் செய்தது ஒரு முடிச்சை அவிழ்த்தது. அவ்வளவே.

அம்மா புது வீட்டைப் பெருக்கப் போயிருந்தாள். பட்டறையில் இரும்பு தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பா புழுதியோடு வந்து, "மொதலாளி, அட்வான்ஸ் குடுத்தாச்சு," என்று சொல்லிக்கொண்டே வாசல் வாளிக்குக் குனிந்தார். நான் அப்போது எண்ணெயில் காரத்தைச் சேர்த்துக் கிண்டிக்கொண்டிருந்தேன். அவர் சத்தம் வந்தபோதும் கிண்டிக்கொண்டுதான் இருந்தேன். குழம்பு சேர்ந்துவரும் நேரத்தில் கையை எடுத்தால் எண்ணெய் வேறு தண்ணீர் வேறாகப் பிரிந்துவிடும். பிரிந்தால் அன்றைய சரக்கு முழுக்க வீண். இதைச் சோப்புக் காய்ச்சுகிற யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

பட்டறை மெக்கானிக் அண்ணன்தான் ஓடி வந்து வண்டி கழுவுகிற குழாயை அப்பா முகத்தில் பிடித்தார். இன்னும் முன்னாலேயே தண்ணீர் விட்டிருந்தால் ஒரு கண்ணாவது தப்பியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

"காரத்தண்ணி வாளி தொட்டிப் பக்கம்தானே இருக்கும்? வாசலுக்கு எப்படி வந்துச்சு?" என்று மெக்கானிக் அண்ணன் என்னைக் கேட்டார். அவர் ஒருவர்தான் கேட்டார். கனமான வாளி, தானாக நடந்து வராது. நான் பதில் சொல்வதற்குள் கட்டுப் போட்ட முகத்தோடு அப்பா சொன்னார்: "நான்தான் தம்பி காலைல எடத்த மாத்தி வச்சிருப்பேன். ஞாபகம் இல்ல. அவள ஒண்ணும் கேக்காதீங்க. கொழந்த பயந்துபோயிருக்கு."

கடைக்குக் கொடுத்த பணம் திரும்பி வரவில்லை. சேர்த்தது ஆஸ்பத்திரிக்குப் போனது. நாங்கள் அதே அறையில் இருக்கிறோம். எண்ணெயா அரிசியா என்று அம்மா மறுபடியும் என்னைக் கேட்கிறாள். அப்பா தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து, நூலைப் பிடித்து, தடவித் தடவிச் சோப்பை அறுக்கிறார். ஆரம்பத்தில் கோணலாக வந்தது. நான் அவர் கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தேன். இப்போது நேராக வருகிறது. நன்றாக இருக்கிறோம்.

இடையில் பெயர்ப்பலகை எழுதுகிறவர் ஒருநாள் தேடி வந்தார். ஆர்டர் கொடுத்ததை நிறுத்தச் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டோம். மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து: முதலாளி ஸ்டோர்ஸ்.

"இங்க யாரும்மா மொதலாளி?" என்று கேட்டார்.

அம்மா என்னைக் கைகாட்டிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கடை என் பெயரில்தான் எடுக்கப்பட்டதாம். ஜாமீன், கூட்டு எதுவும் கிடையாதாம். முதல் நாள் அப்பா என்னையே ரிப்பன் வெட்ட வைக்க இருந்தாராம்.

ஜாமீன் இல்லை என்பது எனக்கு முன்பே தெரியும். அவர்கள் பேசியதெல்லாம் அந்த அறையில்தானே. பலகை விஷயம் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. என்னிடம் இருந்த வேலையை எடுத்துக்கொண்டு, அந்தப் பெயரையும் எடுத்துப் பலகையில் எழுதி வெளியே மாட்டப் பார்த்தார்கள். பலகை சரியாகத் தொட்டி அகலம். தூசி விழாமல் மூடி வைக்க உதவுகிறது.

எனக்கு உறுத்தல் எதுவும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் பொறுக்கவில்லை. வருகிற ஒவ்வொருவரிடமும் அப்பா அதையே சொல்கிறார். இன்றைக்குக் கெமிக்கல் கடைக்காரர் பார்க்க வந்தபோதும் ஆரம்பித்தார். "சட்டம் போட்டவனே நான். நானே ரிப்பனப் பாக்கல, பாருங்க. எம் பொண்ணு எல்லாத்தையும் சரியாத்தான் வச்சிருப்பா. அவளுக்கு ஒரு எறும்பக்கூட மிதிக்கத் தெரியாது."

கடைக்காரர் என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

இந்த வீட்டில் நான் செய்த எதை அவர் தன்னுடையதாக்கிக்கொள்ளவில்லை? சோப்பைத் தன் பேச்சால் விற்றார். சாவியைக் கேட்டார். இப்போது இதையும் எடுத்துக்கொண்டார். அதனால் அவர் எதிரில் போய் உட்கார்ந்து, வகுப்பில் ஒருநாளும் வராத குரலில், தெளிவாகச் சொன்னேன்.

"அப்பா, நீங்க பாக்காம விடல. அந்த வாளியில ரிப்பனே இல்ல. நான் அவுத்தேன். வாளியத் தூக்கிட்டு வந்து வாசல்ல வச்சதும் நான்தான். நீங்க வருவீங்கன்னு தெரிஞ்சுதான் வச்சேன்."

அவர் கையிலிருந்த நூல் பாதிக் கட்டியில் நின்றது. பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தாள். திட்டுவார், அழுவார், ஏன் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டால் சொல்ல எல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

அப்பா நூலைச் சுருட்டித் தொட்டி மேல் வைத்தார். எழுந்து சுவரைத் தடவினார். வழிகாட்ட நான் கையை நீட்டினேன். அவர் தன் கையை இழுத்துக்கொண்டார். வாசலில் நின்று காலால் துழாவி, அங்கே இருந்த வாளியைச் சுற்றிக்கொண்டு, வெறுங்காலோடு இறங்கி நடந்தார். அம்மா ஈரக்கையோடு அவருடைய செருப்பை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனாள். என்னைப் பார்க்கவில்லை.

கட்டியில் பாதி அறுபடாமல் இருக்கிறது. சாவி என் கழுத்தில்தான் இருக்கிறது. நான் இல்லாமல் அவர்கள் எவ்வளவு தூரம் போய்விட முடியும்? அடுப்பில் மூன்று பேருக்கு உலை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.