பத்திரிகையில் டவாலி

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு அம்மாவும் அவருடைய தாய்மாமாவும். அம்மா கையில் கருமாதி பத்திரிகையின் ப்ரூப்.

"எங்கப்பா பேரு டவாலி இல்ல மாமா. அந்த வார்த்தைய எடுக்கச் சொல்லுங்க."

"வெறும் கோவிந்தராசுன்னு போட்டா ஒருத்தருக்கும் தெரியாதும்மா."

"டவாலின்னா ஆபீஸ் பியூனுங்க தோள்ல குறுக்க மாட்டற செவப்புப் பட்டைதானே?"

"மொதல்ல பட்டைக்குத்தான் அந்தப் பேரு. உருது வார்த்தைன்னு எங்க ஹெட்கிளார்க் சொல்வாரு. அப்புறம் பட்டைய மாட்டுன ஆளையே அப்டி கூப்ட ஆரம்பிச்சிட்டாங்க. எனக்கு மச்சான்தான், ஆனா ஆபீசுக்குள்ள நானும் டவாலின்னுதான் கூப்டுவேன்."

"அதான் மாமா எனக்கு ஆத்திரம். முப்பது வருஷம் பேரே இல்லாம இருந்துட்டாரு."

புதுச்சத்திரம் தாண்டியதும் அந்தப் பெரியவர் அந்த அம்மாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"ரிட்டையர் ஆன அன்னிக்கு மச்சான் பட்டையக் கழட்டி, புதுசா வந்தவன் தோள்ல மாட்டிவுட்டுட்டு வாசலுக்குப் போயிட்டாரு. மாலை போடணும்னு ஆபீசே 'கோவிந்தராசு, கோவிந்தராசு'ன்னு கத்துது. அவரு திரும்பவே இல்ல. கடைசியா நான் 'டவாலி'ன்னேன். பட்டையோட அவனும் ஓடியாந்தான். பட்டையில்லாம ஒங்கப்பாவும் ஓடியாந்தாரு."

அந்த அம்மா ப்ரூப்பை மடியில் விரித்து வைத்துக்கொண்டார். பிறகு செல்போனை எடுத்து அச்சகத்தைக் கூப்பிட்டார்.

"அண்ணே, அந்த டவாலி இருக்கட்டும். அதையும் எங்கப்பா பேரு எழுத்து அளவுக்கே போட்டுடுங்க."